பூநாரைக் கண்ணாடி

இசக்கியம்மாளுக்கு மனுசரின் மூஞ்சி மறைந்துபோய்ப் பல வருசம் ஆகியிருந்தது. ஆள் தெரியும், சேலை நிறம் தெரியும், நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள். மூஞ்சி இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் யாரோ ஈரக்கையால் தேய்த்துவிட்டதுபோல ஒரு சாம்பல் வட்டம். ஓரக்கண்ணால் பார்த்தால் காதும் கம்மலும் தெரியும். நேரே திரும்பினால் வட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு மட்டும் வந்த நோயில்லை அது. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பாத்துமேட்டு வரிசை வீடுகளில் வயது போன எந்த உப்பளக்காரியைக் கேட்டாலும் அந்த வட்டத்தைச் சொல்லுவாள். பாத்தியில் வெள்ளை உப்பு, தலைக்குமேல் வெள்ளை வெயில், இரண்டுக்கும் நடுவே குனிந்து நின்று நீளப் பலகையால் உப்பை வாரிக் கரையேற்றுகிற வேலை. மேலேயிருந்து அடிக்கிற வெயிலுக்குத் தலைத்துணி இருக்கிறது. கீழேயிருந்து அடிக்கிற வெயிலுக்கு என்ன இருக்கிறது?

அவள் மகள் சுயம்புக்கனி, பள்ளிக்கூடம் லீவு விட்டால் மத்தியானம் கஞ்சித் தூக்கோடு பாத்திக்கு வருவாள். கடல் தண்ணீர் தேக்கிவைத்த பெரிய குளத்தில் அப்போது பூநாரைகள் நிற்கும். ரோஸ் நிறத்தில், குச்சிக் காலில், தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டபடி. நாளெல்லாம் அந்த வெளிச்சத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிற பறவைக்கு ஏன் கண் கெடவில்லை என்று கனி கேட்டாள். இசக்கியம்மாளுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. வாயில் கஞ்சி இருந்தது. கேட்ட கேள்வியைத் தட்டிவிடத்தான் அவள் பதில் சொன்னாள்.

"அதுக்கு சாமி கண்ணுக்குள்ளயே கண்ணாடி மாட்டி விட்ருக்காருட்டி. நமக்கு மாட்ட மறந்துட்டாரு."

பக்கத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த பெண்டுகள் சிரித்தார்கள். கனி சிரிக்கவில்லை. பறவையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பார்வையை அவள் பிறகு எங்கேயும் திருப்பவில்லை. மதுரையில் படித்தாள், ஐதராபாத்தில் படித்தாள், பனி கொட்டுகிற ஒரு தேசத்தில் போய்க் கோழிக்குஞ்சின் கண்ணை அறுத்துப் பார்த்துக்கொண்டு சில வருசம் இருந்தாள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று வரிசை வீட்டில் கேட்டால், கோழிக் கண் ஆராய்ச்சி என்பாள் இசக்கியம்மாள். மிச்சக் கோழியை என்ன செய்வாளாம் என்று கேட்பார்கள். கல்யாணம் பற்றிக் கேட்பதை ஒரு வயசுக்குமேல் விட்டுவிட்டார்கள். ஒருநாள் அந்தத் தேசத்திலிருந்து போன் வந்தது. கனிதான்.

"யம்மா, நீ சொன்னது நெசந்தான். உள்ள கண்ணாடி இருக்கு."

எதைச் சொன்னோம் என்றே இசக்கியம்மாளுக்கு நினைவில்லை. கனி சொல்லச் சொல்லத்தான் அந்த மத்தியானம் வந்தது. கண்ணுக்குப் பின்னால் விழித்திரை என்று ஒன்று இருக்கிறது, வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்கள் அதில் லட்சக்கணக்கில் நிற்கின்றன, பறவைக்கு நிறம் காட்டுகிற ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வாசலில் ஒரு சொட்டு எண்ணெய் நிற்கிறது, மஞ்சள் எண்ணெய், சிவப்பு எண்ணெய், வெளிச்சம் அதில் வடிந்துதான் உள்ளே போகிறது என்றாள்.

"யாரு ஊத்துனா எண்ணெய?"

"அதுவே ஊத்திக்கிடும். எப்படி ஊத்தணும்னு அதோட மரபணுவுல எழுதிருக்கு. நம்ம மரபணுவுல அந்தப் பக்கம் இல்லம்மா."

"பின்ன என்ன, அந்தப் பக்கத்தக் கிழிச்சு நம்மகிட்ட ஒட்டிரு" என்றாள் இசக்கியம்மாள். அதையும் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் விளையாட்டாகச் சொன்னதையெல்லாம் நிசமாக எடுத்துக்கொள்ளவே அந்தப் பிள்ளை பிறந்திருந்தது.

ஒட்டுவதற்குக் கனிக்கு இருபது வருசம் பிடித்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு தோல்வியோடு வருவாள். பெரிய ஆட்கள் சிரித்தார்கள் என்பாள், பணம் தரமாட்டோம் என்று விட்டார்கள் என்பாள், எலி செத்துவிட்டது என்பாள். வந்தால் பேசாமல் படுத்திருப்பாள். இசக்கியம்மாள் சட்டியைத் துழாவித் துழாவி மீன்குழம்பு வைத்துத் தருவாள். பிறகொரு தடவை வந்தபோது எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். நோய் செய்யாத ஒரு கிருமியை வண்டியாக்கி, அந்தப் பக்கத்தை அதில் ஏற்றி, சொட்டு மருந்தாகக் கண்ணில் விட்டால் விழித்திரை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்றாள். செத்த செல் வராது, வெயிலில் மயங்கிக் கிடக்கிற செல் குடை கிடைத்ததும் எழுந்துகொள்ளும் என்றாள். எலிக்கு எழுந்துவிட்டது.

"எல்லா எலிக்குமா?"

"பெரிய எலிக்கு. குட்டி எலிக்கு ஆகாது. பெரிசுக்கு அந்தச் சொட்டு ஒரு அளவுல நின்னுரும். குட்டிக்கு செல்லு இன்னும் வளந்துகிட்டுல்லா இருக்கு, நிக்க மாட்டேங்குது. சொட்டு பெருசாகிப் பெருசாகி வாசலையே அடைச்சிருது. குருடாயிரும்." அதனால் கைக்குழந்தை உள்ள பெண்ணுக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் மருந்து கிடையாது என்றாள். கண்ணில் விட்டபின் சில நாள் கண்ணீரில் அந்தக் கிருமி உயிரோடு இருக்கும். அதுவரைக்கும் மருந்து விட்ட ஆட்களைப் பெரிய ஆஸ்பத்திரி ஹாலில் வைத்து வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்.

உப்பாத்துமேட்டிலிருந்தே ஆள் எடுத்தார்கள். அறுபது வயசுக்கு மேற்பட்டவர்களை எடுக்கவில்லை. இசக்கியம்மாள் எழுபதை நெருங்கியிருந்தாள். அவள் சண்டை போடவில்லை. கனி சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்ததும், இரண்டு கையாலும் மகளின் மூஞ்சியைத் தடவிக்கொண்டு, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், ஒரே ஒரு தடவை ஒன் மூஞ்சிய மட்டும் பார்த்துட்டுப் போயிருதேன் என்றாள்.

கனி எழுந்துபோய்த் தன் பையைத் திறந்தாள். அந்தக் கைக்கு அவ்வளவு வருசமாகச் சட்டத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அன்றைக்கு அது மருந்துக் குப்பியை எடுத்தது. இரண்டு கண்ணிலும் விட்டாள். தண்ணீர் படக்கூடாது, சோப்பு படக்கூடாது, மை, எலுமிச்சைச் சாறு எதுவும் கூடாது, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இரு என்றாள். மறுநாள் விடியும்போது ஹாலில் சோதனை ஆரம்பமாகிறது, அவள் அங்கே நிற்கவேண்டும். போய்விட்டாள்.

அவள் போனபிறகுதான் எரிச்சல் வந்தது. மிளகாயை அரைத்து அப்பியதுபோல. இசக்கியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு காலை முழுக்கக் கிடந்தாள். சுவரில் நெற்றியை முட்டினாள். பக்கத்து வீட்டுப் பிரிசில்லா முனகல் கேட்டுக் கதவைத் தட்டித் திறக்கவைத்தாள்.

பிரிசில்லா அந்த வரிசையில் அப்போது பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே பெண். கைக்குழந்தை ரோஸ்லினுக்கு நான்கு மாசம். உப்புத்தூசி விழுந்த கண்ணுக்கும் வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணுக்கும் தாய்ப்பால் விடுவது அந்த வரிசையில் காப்பித்தண்ணி கொடுப்பதுபோல. கேட்டு யாரும் இல்லையென்று சொன்னதில்லை. கேட்கக்கூட வேண்டியதில்லை. பிரிசில்லா, கிழவியின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ தண்ணி படக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காளே" என்றாள் இசக்கியம்மாள்.

"பால் என்ன தண்ணியா பெரியம்மா? கண்ணத் தெறங்க."

இளஞ்சூடாக விழுந்தது. கண்ணுக்குள் மழை பெய்ததுபோல இருந்தது. வழிந்ததைப் பிரிசில்லா விரலால் துடைத்துவிட்டாள், இமையை விரித்து மறுபடியும் விட்டாள். தொட்டிலில் பிள்ளை அழுதது. கிழவியின் தலையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, அதே கையோடு, அதே மாரில் பிள்ளையைப் போட்டுக்கொண்டாள். எரிச்சல் அடங்கும்வரை அடுத்தடுத்த நாளும் அப்படித்தான் நடந்தது.

வட்டம் ஓரத்திலிருந்து கரைய ஆரம்பித்தது. சில வாரத்தில் மேல்சுவர் விரிசல் தெரிந்தது, காலண்டர் எழுத்து தெரிந்தது. ஒருநாள் கனி வாசலில் வந்து நின்றபோது, இசக்கியம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டாள். அவள் மனசுக்குள் வைத்திருந்தது காலேஜுக்குப் போகும்போது பார்த்த மூஞ்சி. இது கண்ணுக்குக் கீழே பை விழுந்து, முன்மயிர் நரைத்த ஒரு பொம்பளை.

"நீ எப்பட்டி கிழவியான?"

கனி சிரித்தாள், பிறகு அழுதாள். அவள் ஆராய்ச்சி வாழ்க்கையிலேயே அன்றைக்கு ஒருநாள்தான் முழுசாகச் சந்தோசமாக இருந்திருப்பாள். ஹாலில் இருந்தவர்களுக்கும் வட்டம் போயிருந்தது. பேப்பர்க்காரர்கள் வந்தார்கள், படம் பிடித்தார்கள்.

தெளிந்த கண்ணோடு இசக்கியம்மாள் வரிசை முழுக்க மூஞ்சி பார்த்து வந்தாள். யாருக்குப் பல் போயிருக்கிறது, யார் அழகாக இருக்கிறாள் என்றெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தாள். கடைசியாகப் பிரிசில்லா வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளை குரல் வந்த பக்கம் சிரித்தது. ஆனால் பார்வை அங்கே வரவில்லை. இசக்கியம்மாள் தலையை இப்படி ஆட்டினாள், அப்படி ஆட்டினாள். கண் கூடவே வரவில்லை. கதவோரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கருவிழிக்குள்ளே, அடியில், ஊதிவிட்ட கங்குபோலச் சிவப்பாக ஒன்று கிடந்தது.

அந்த வரிசையிலேயே அதைப் பார்க்க முடிந்த முதல் ஆள் அவள்தான். ஹாலுக்குப் போய்வந்தவர்களை விட்டால், அவ்வளவு கூர்மையாக அப்போது வேறு யாருக்கும் கண் இல்லை.

டவுனில் கண் டாக்டரிடம் காட்டினார்கள். பிறவிக் கோளாறு என்றார். பிரிசில்லாவின் புருசன் அவள் வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருக்கும்போது என்னத்தைத் தின்றாள் என்று கேட்டுக் குடித்துவிட்டு அடித்தான். இசக்கியம்மாள் கனிக்குப் போன் செய்து, குட்டி எலிக்கு வந்தது எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டாள். கனி மறுநாளே வந்தாள். சின்னக் கருவியை வைத்துப் பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். பார்த்து முடித்தபிறகும் கருவியை எடுக்காமல் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்து பிரிசில்லாவிடம், டாக்டர் சொன்னது சரிதான், பிறவியிலேயே அப்படி, உன்மேல் தப்பில்லை என்றாள். பிரிசில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கடைசி வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அவள் காத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார்கள்.

"ஒங்கண்ணுல என்ன பட்டது?"

"தண்ணி படல. பால் விட்டோம்."

கனி தரையில் உட்கார்ந்தாள். அவள் பாவாடை சட்டை போட்ட நாளில் உப்புத்தூசி விழுந்து கத்தியபோது, இதே வரிசையில் யார் யார் அவள் கண்ணில் பால் விட்டார்கள் என்று இசக்கியம்மாளுக்குப் பேர் பேராகத் தெரியும். கனிக்கும் தெரிந்திருந்ததுதான்.

"மறந்தே போயிட்டேன்யம்மா. எதெது படக்கூடாதுன்னு எல்லாம் யோசிச்சேன். இருபது வருசமா எலி கூடவே இருந்துட்டேன். எலி பக்கத்து வீட்டுக்குப் பால் விடாதுல்லா."

"எண்ணெய எடுத்துற முடியாதா?"

"ஊத்தத்தான் கண்டுபிடிச்சிருக்கேன். எடுக்க இன்னொரு ஆயுசு வேணும்."

"அவகிட்டச் சொல்லிருவமா?"

கனி பதிலை நேராகச் சொல்லவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், சட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டு போயிருக்கிறது என்றால் மொத்தத்தையும் மூடிவிடுவார்கள், வேறு யாரும் இதைத் தொடமாட்டார்கள் என்றாள். ஹாலுக்கு எடுக்கப்படாமல் முறைக்குக் காத்திருக்கிற பெண்டுகளின் பேரைச் சொன்னாள். எல்லாரும் இசக்கியம்மாளோடு பலகை பிடித்தவர்கள்.

"சொல்லாட்டி புள்ளைக்குக் கண்ணு வராது" என்றாள் இசக்கியம்மாள்.

"சொன்னாலும் வராதும்மா."

அன்றைக்கு யார் வாயை மூடியது என்று கேட்டால் கனி என்று சொல்ல இசக்கியம்மாளுக்கு மனசு வராது. கனி பேசாமல் இருந்தாள், இவளும் பேசாமல் இருந்தாள். இரண்டும் சேர்ந்துதான் ஒரு கதவாயிற்று. கனி ஒன்றுமட்டும் செய்தாள். மருந்து விடுகிறபோது நர்சுகள் சொல்லவேண்டியவற்றில், தாய்ப்பால் விடக்கூடாது, விட்டால் பால்குடிப் பிள்ளையின் கண் போய்விடும் என்பதையும் சேர்த்துவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மருந்து இரண்டு வருசத்தில் உப்பளம் முழுக்க வந்தது. அரசாங்கமே இலவசமாக விட்டது. கனிக்கு டெல்லியில் சால்வை போட்டார்கள். பாத்தியில் வட்டம் என்ற பேச்சே இல்லாமல் போனது. பிறகுதான் முதலாளிமார் யோசிக்க ஆரம்பித்தார்கள். உச்சிவெயிலில் வேலை நிறுத்தி மூன்று மணிக்குமேல் ஆரம்பிக்கிற மத்தியான ஓய்வு, ஒரு காலத்தில் கொடி பிடித்துப் பட்டினி கிடந்து வாங்கினது. கண் கெடுகிறது என்று சொல்லித்தான் வாங்கினார்கள். இப்போதுதான் கண் கெடாதே என்றார்கள் முதலாளிமார். ஓய்வு போனது. கறுப்புக் கண்ணாடி கொடுப்பது நின்றது. கூரை போடுகிறோம் என்றது நின்றது. மருந்து விட்டுக்கொள்ளாதவருக்கு வேலை இல்லை என்றும் வந்தது. வெயில் கண்ணை மட்டும்தான் தின்னும் என்று யார் சொன்னது? உச்சியில் இரண்டுபேர் பாத்தியிலேயே விழுந்து செத்தார்கள். அவர்களுக்குக் கண் தெளிவாக இருந்தது.

கனி அரசாங்கக் கமிட்டியில் போய்ச் சத்தம் போட்டாள். உச்சிவெயில் அளவு வெளிச்சத்தில் நாளெல்லாம் வைத்தும் விழித்திரைக்குச் சேதமில்லை என்று அவளே எழுதிய கட்டுரையை அவளுக்கே வாசித்துக் காட்டினார்கள். அதன்பிறகு அவள் ஊருக்கு வருவது குறைந்தது. போனில் பேசும்போதும் பாதியில் எங்கேயோ போய்விடுவாள்.

இசக்கியம்மாளுக்குக் கண் தெரியாதவர் என்று வந்துகொண்டிருந்த உதவிப்பணம் கண் தெரிந்ததால் நின்றுபோயிருந்தது. கனி பணம் அனுப்பினாள். அதைத் தொட இசக்கியம்மாளுக்கு மனசில்லை. கங்காணி, ஆள் பற்றாக்குறையில் கிழவியென்றும் பார்க்காமல் பலகையைக் கொடுத்தான். பிரிசில்லாவும் வந்துவிட்டாள். புருசன் எங்கோ லாரியில் போனவன் திரும்பவில்லை. பால்குடி மறந்ததும் அவளும் மருந்து விட்டுக்கொண்டாள். இரண்டுபேரும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தி. முன்பெல்லாம் பிள்ளைக்காரிகளால் உச்சி ஓய்வில் வீட்டுக்கு ஓடிப் பிள்ளையைப் பார்த்துவர முடிந்தது. இப்போது முடியாது. அதனால் ரோஸ்லினையும் தூக்கிக்கொண்டு வந்து, உப்புக் கரையில் இருந்த தகரக் கொட்டகைக்குள் ஒரு சாக்கை விரித்து உட்காரவைப்பாள். மூன்று வயசை நெருங்கும் பிள்ளை, கையால் தடவித் தடவியே நடக்கப் பழகியிருந்தது. தொட்டில் நாளிலிருந்து அதன் உலகம் ஜன்னல் இல்லாத அந்த வரிசை வீடுதான்.

முதல் வாரமே அது நடந்தது. சூரியன் உச்சிக்கு வந்து நிழல்கள் காலடிக்குள் ஒடுங்கியிருந்த நேரம். கொட்டகையிலிருந்து பிள்ளை வெளியே வந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிரிசில்லா நிமிர்ந்தபோது அது கரைமேல் நின்றுகொண்டிருந்தது. கையை முன்னால் நீட்டவில்லை. உடைந்த கல்லைச் சுற்றிக்கொண்டு நடந்துவந்தது. அம்மாவிடம் வந்து, அண்ணாந்து, ஒரே விரலை நீட்டி நேராக மூக்குத்தியைத் தொட்டது.

"பெரியம்மா, எம்மூஞ்சியப் பாக்கா" என்றாள் பிரிசில்லா. பலகை கையிலிருந்து விழுந்தது.

எல்லாரும் கூடிவிட்டார்கள். மாதாவே என்றாள் ஒருத்தி, இசக்கித் தாயே என்றாள் இன்னொருத்தி. பிள்ளை குளத்தில் நின்ற பூநாரைகளைப் பார்த்துவிட்டு, அதற்குப் பேர் தெரியாமல் கத்தியது. நாசமாப்போன வெயிலைப் பற்றி அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. இசக்கியம்மாள்மட்டும் கூட்டம் கலைந்தபிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகை நிழலுக்குப் போனாள். உள்ளே போனதும் பிள்ளையின் கை அவள் கழுத்தைத் தடவித் தேடியது. வெளியே வந்தாள். கை தேடுவதை நிறுத்தியது. மறுபடி உள்ளே போனாள்.

சாயங்காலம் கனிக்குப் போன் போட்டுச் சொன்னாள். கனி நேரத்தையும் வெயிலையும் கேட்டாள். பிறகு கணக்குப் போடுகிற குரலில், இருக்கலாம் என்றாள். சொட்டு வாசலை முழுசாக அடைக்கவில்லை போல, ஊசித்துளை அளவு விட்டிருக்கிறது, அதில் வடிந்து உள்ளே போக அவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்றாள்.

"நீதான பாத்த, ஒனக்கு ஏன் அன்னைக்குத் தெரியல?"

"எங்கிட்ட அவ்வளவு பெரிய வெளிச்சம் இல்லம்மா. யாரும் பச்சப்புள்ள கண்ணுல அவ்வளவு வெளிச்சம் அடிக்க மாட்டாக."

"வேற எங்க கெடைக்கும் அந்த வெளிச்சம்?"

பனிமலை உச்சியில் கிடைக்கும் என்றாள் கனி. வேறு சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. மனுசர் கட்டின வீட்டில், பள்ளிக்கூடத்தில், தெருவில், பஸ்ஸில், எங்கேயும் கிடைக்காது. விளக்கு செய்யலாமா என்றால், அவ்வளவு விளக்கை ஆயுசுக்கும் மூஞ்சிக்கு நேரே வைத்தால் தோல் வெந்துபோகும். பிறகு அவள் வாய்க்குள்ளேயே என்னவோ சொன்னாள். என்னை இந்தப் பாத்தியிலிருந்து வெளியே அனுப்பத்தானே நீ அவ்வளவு வருசம் குனிந்து நின்றாய், நான் ஒரு பிள்ளையை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டேனே என்பதுபோல இருந்தது. சரியாகக் கேட்கவில்லை. இசக்கியம்மாள் மறுபடி சொல்லச் சொல்லவில்லை.

மறுநாள் பிரிசில்லா பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டுத் தலைசீவிக் கூட்டிவந்திருந்தாள். உச்சி வரும்வரைக்கும் வானத்தை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். மேகம் ஒரு துண்டு வந்தபோது அவள் மூஞ்சி செத்தது. அது போனதும் பிள்ளையைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவந்து கரைமேல் நிறுத்தினாள். இது உப்பு, இது பலகை, இது அம்மா கை, அங்க நிக்கது பூநாரை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிள்ளை பலகையின் கம்பைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. கொஞ்சம் பெரிசானால் இதற்கு ஏற்ற மாதிரி ஒரு சின்னப் பலகை செய்துகொடுத்துவிடலாம் என்று கங்காணி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். பிரிசில்லாவும் சிரித்தாள்.

இசக்கியம்மாளால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் மூடிவைத்தது அங்கே வைத்து, பாத்திக்கு நடுவே, கணுக்கால் அளவு உப்புத்தண்ணீரில் நின்றுகொண்டு வெளியே வந்துவிட்டது. தன் கண்ணிலிருந்துதான் போயிற்று, பால் விட்டாயே அன்றைக்கு, அதிலிருந்துதான் என்றாள். அந்த மருந்து தனக்குச் சட்டப்படி விட்டதல்ல என்றாள். கனிக்கும் தெரியும் என்றாள்.

பிரிசில்லா திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் கவுன் கழுத்தைச் சரிசெய்தாள்.

"எனக்குத் தெரியும் பெரியம்மா" என்றாள். "எனக்கு மருந்து விடயில நர்சு சொன்னாகல்லா, பால் விடக்கூடாதுன்னு. புள்ளைக் கண்ணு போயிரும்னு. அன்னைக்கே தெரியும். நீங்களா வந்து சொல்லுவீக, சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் ஆயுசில் யாரிடமும் சொன்னதில்லை, எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. ஏதோ சொல்லத் தொடங்கினாள். பிரிசில்லா கையைக் காட்டி நிறுத்தினாள். கோபமாகக்கூட இல்லை. சமையல் அடியில் பிடிக்கிற நேரத்தில் வாசலில் வந்து நின்று பேசுகிற ஆளை நிறுத்துவாளே, அதுபோல.

"இன்னும் எம்புட்டு நேரம் நிக்கும் இந்த வெயிலு?"

அதை அவள் இசக்கியம்மாளிடம்தான் கேட்டாளா என்று தெரியாது. கேட்டுவிட்டுக் குனிந்து, பிள்ளையின் மூஞ்சிக்கு நேராகத் தன் மூஞ்சியைக் கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டாள். கண் சிமிட்டினாள், நாக்கை நீட்டினாள், புருவத்தைத் தூக்கினாள். பிள்ளை ஒவ்வொன்றையும் பார்த்து அதேபோல் செய்தது.

இசக்கியம்மாள் பலகையை எடுத்தாள். வாரத் தெரிந்த கை வாரிக்கொண்டிருந்தது. தெளிந்த கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. குளத்தில் பூநாரைகள் தலைகீழாகக் குனிந்து நின்றன. உப்பின் விளிம்பில் வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறத் தொடங்கியது. நிழல்கள் காலடியிலிருந்து ஒரு விரல்கடை வெளியே வந்தன. கரைமேல் பிள்ளையின் விரல் மூக்குத்தியைத் தொடப் போய், கன்னத்தில் பட்டு, அங்கிருந்து தடவித் தடவித் தேட ஆரம்பித்தது.